கல்லின் வயதைக் கணிப்பது எங்ஙனம்?



என் மேசைமீது ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவினது. ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டது. விளிம்பெங்கும் வரிவரியாக மேடும் பள்ளமும் உடையது. அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்தில் என் கைக்கு அகப்பட்டது அது. கல்லாய்ப் போன நத்தை என்றே அப்போது அதனை நினைத்திருந்தேன். படிப்பு முடிந்து, மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்து, பல ஊர்களுக்கு மாற்றலாகி, இறுதியில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தபோதும் அக்கல் என் பெட்டியோடு வந்து சேர்ந்தது.

நிலவியல் பயின்ற நண்பர் ஒருவர் ஒருநாள் என் இல்லத்துக்கு வந்தார். அக்கல்லை அவர் கையில் கொடுத்து, இதன் வயது என்ன என்று வினவினேன். அவர் விடை கூறவில்லை. எதிர்வினா ஒன்றைத் தொடுத்தார். ‘இதற்கு எந்த ஊர்? ஊரில் எந்த இடம்? அவ்விடத்தில் எந்தப் படுகை?’ என்றார். ‘பள்ளிக்கூடத்துக்கு மேற்கே ஓர் ஓடை உண்டு, அதில் கிடந்தது’ என்றேன். நண்பர் தலையசைத்தார். ‘ஓடை பல படுகைகளை அறுத்துக்கொண்டு வருவது. இஃது அம்மோனைட் என்னும் கடலுயிரின் ஓடு. கிரிட்டேசியக் காலத்தது என்று மட்டும் சொல்லலாம். இருந்த இடத்தையும் குறித்து வைத்திருந்தீர்களானால் இன்னும் நெருங்கிச் சொல்லியிருக்கலாம். பேரைச் சொல்லி ஊரைச் சொல்லத் தெரியாத சாட்சியாக்கிவிட்டீர்கள் இதனை’ என்றார்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு, ‘சொந்த ஊர் எது?’ என்னும் கேள்வி புதியதன்று. கல்லுக்கும் அதே கேள்விதான் முதற் கேள்வி என்பதை அன்றுதான் அறிந்தேன். பாறையின் வயதையும், பாசில் என வழங்கும் தொல்லுயிர் எச்சங்களின் வயதையும் விஞ்ஞானிகள் எவ்வாறு கணிக்கின்றனர் என்பதைக் கலைப் பட்டதாரியாகிய நான் பின்னர் நண்பரிடம் கேட்டும் நூல்களைப் பயின்றும் தெரிந்துகொண்டேன். அவ்வாறு அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வயதைக் கேட்பதில் இரு வகை உண்டு. இருவருள் மூத்தவர் யார் என்று கேட்பது ஒன்று. ஒருவருக்கு எத்தனை ஆண்டு நிரம்பிற்று என்று கேட்பது மற்றொன்று. முதல் வினாவுக்குப் பிறந்த தேதி வேண்டுவதில்லை. பாறைகளைப் பொறுத்தவரையிலும் முதல் வினாவுக்கே விடை முதலில் கிடைத்தது. நீரடியிலே வண்டல் படியும்போது முதலில் படிந்தது கீழே இருக்கும். பின்னர்ப் படிந்தது மேலே அமையும். 1669-ஆம் ஆண்டிலே நிக்கோலஸ் ஸ்டெனோ என்னும் டேனிஷ் அறிஞர் இவ்விதியை வகுத்துரைத்தார். கேட்பதற்கு எளிய செய்தி. ஆயினும் நிலவியல் முழுமையும் இதன்மீதே நிற்கிறது.

இதனைக் கண்ணாரக் காண விரும்புவோர் திருவனந்தபுரம் மாவட்டத்து வர்க்கலைக்கு வருக. கடலை ஒட்டி நெடுஞ்சுவர் போல் எழுந்து நிற்கும் குன்றுச் சரிவில் மேலே செம்பூரான்கல், அதன்கீழ் மணற்கல், பலநிறக் களிமண், கரிபடர்ந்த களிமண், பழுப்பு நிலக்கரி எனப் படுகைகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. 1882-இல் வில்லியம் கிங் என்பவர் இப்படுகைகளைப் பற்றி எழுதினார். வர்க்கலைப் படுகைகள் என்றே உலக நிலவியலார் அவற்றை அழைக்கின்றனர். இவற்றுக்கும் கீழே, அஷ்டமுடிக் காயற்கரையில் படப்பக்கரை என்னுமிடத்தில் வெளித்தெரியும் கொல்லம் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதில் கடற்சிப்பிகளும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களின் ஓடுகளும் நிறைந்துள்ளன. ஆகவே கொல்லத்துக் கல் மூத்தது. வர்க்கலைக் கல் இளையது. இதைச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

ஓரிடத்துப் படுகையை மற்றோரிடத்துப் படுகையோடு ஒப்பிடுவதற்கு உதவுபவை தொல்லுயிர் எச்சங்கள். உயிரினங்கள் தோன்றுகின்றன, சில காலம் செழிக்கின்றன, மறைந்தால் மீண்டும் வருவதில்லை. ஆதலால் குறுகிய காலமே வாழ்ந்து, அகன்ற கடற்பரப்பெங்கும் பரவிய ஓர் உயிரின் ஓடு, அரசன் ஒருவனின் பெயர் பொறித்த காசுக்கு நிகரானது. காசு கிடைத்த மண்ணடுக்கு அவ்வரசன் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாதன்றோ? அம்மோனைட்டுகள் இத்தகைய காசுகள். எங்கள் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் பாறைகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பிரிவுகளாக 1862-இல் வகுத்தளித்தார் பிளான்போர்டு. அங்குக் கிடைத்த தொல்லுயிர்களை ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் வரிசைப்படுத்தி விவரித்தார். அப்பகுதி ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. இன்று மானாவாரி நிலமாகக் காணும் காரைப் பகுதியின் களிமண்ணில் அக்கடலின் உயிர்கள் கல்லாய்க் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடப்பதை உங்களுட் சிலர் கண்டிருக்கலாம்.

இவ்வளவும் முன்பின் கூறும் முறை. எத்தனை ஆண்டு என்னும் இரண்டாம் வினாவுக்கு இது விடை தராது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும் பௌதிக அறிஞரான கெல்வின் பிரபு, உருகிய நிலையிலிருந்த பூமி இன்றைய குளிர்ச்சியை அடைய எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டார். 1862-இல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு வரை என்றார். 1897-இல் அதனைச் சுருக்கி 2 கோடி முதல் 4 கோடி என்றார். அடுக்குப் பாறைகளின் கனத்தைக் கண்ட நிலவியலார்க்கு அது போதவில்லை. ஆனால் மறுத்துரைக்க அவர்களிடம் கடிகாரம் இல்லை.

அக்கடிகாரம் பாறைக்குள்ளேயே இருந்தது. 1896-இல் பெக்குரல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார். யுரேனியம், தோரியம் முதலிய சில தனிமங்களின் அணுக்கள் தாமே சிதைந்து, படிப்படியாக மாறி, இறுதியில் காரீயமாகி நின்றுவிடுகின்றன. இச்சிதைவு வெப்பத்தால் விரைவதில்லை, அழுத்தத்தால் தாமதிப்பதுமில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில் உள்ளதில் பாதி சிதையும். அதே அளவு காலம் மீண்டும் கழிந்தால் எஞ்சியதில் பாதி சிதையும். 1,000 அணுக்கள் 500 ஆகும், பின்னர் 250, பின்னர் 125. பாதியாவதற்கு ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பர். யுரேனியம் 238 என்பதற்கு அது 447 கோடி ஆண்டு. யுரேனியம் 235 என்பதற்கு ஏறத்தாழ 70 கோடி. தோரியத்துக்கு 1,405 கோடி. நம் முன்னோர் நாழிகை வட்டிலைக் கொண்டு பொழுதளந்தனர். வட்டிலில் எஞ்சிய நீரையும், கீழே சேர்ந்த நீரையும் அளந்தால் கழிந்த காலம் தெரியும். பாறையில் எஞ்சிய யுரேனியத்தையும், அதிலிருந்து பிறந்த காரீயத்தையும் அளப்பதும் அத்தகையதே. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு: தொடக்கத்தில் கீழ்ப்பாத்திரத்தில் நீர் இருந்ததா என்று தெரிதல் வேண்டும், இடையிலே நீர் சிந்தவோ சேரவோ கூடாது.

இவ்விரு நிபந்தனைகளுக்கும் பெரும்பாலும் பொருந்திவரும் கனிமங்கள் நம் கடற்கரையிலேயே கிடக்கின்றன. கன்னியாகுமரிக்குச் சென்றவர்கள் சிவப்பும் கறுப்புமான மணலை அள்ளிப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அவற்றிடையே தேன்நிறத்தில் மின்னும் மணிகள் மோனசைட் ஆகும். 1956 வரையில் திருவிதாங்கூரிலும் திருவாங்கூர்-கொச்சியிலும் இருந்து, பின்னர்த் தமிழ்நாட்டோடு சேர்ந்த மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துச் சவறையிலும் இம்மணல் எடுக்கப்படுகிறது. மோனசைட்டில் நூற்றுக்கு எட்டொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு உள்ளது. சிறிதளவு யுரேனியமும் உண்டு. இக்கனிமம் பாறைக்குள் பிறக்கும்போது தோரியத்தையும் யுரேனியத்தையும் தன்னுள் ஏற்கும்; காரீயத்தை மிகச் சிறிதே ஏற்கும். ஆகவே இன்று அதனுள் காணும் காரீயம் அநேகமாக அங்கேயே பிறந்ததாகும். சிர்க்கான் என்னும் கனிமமும் இவ்வாறே யுரேனியத்துக்கு இடங்கொடுத்துக் காரீயத்தைப் புறந்தள்ளுவது.

தென்கேரளப் பாறைகளின் மோனசைட் மணிகள் பல காட்டும் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டு. இந்த எண்ணை நம்புவது எப்படி என்று கேட்கலாம். ஒரே கனிமத்துள் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. 55 கோடி ஆண்டில் தோரியத்தில் நூற்றுக்கு 3 பங்கு அளவே சிதைந்திருக்கும். யுரேனியம் 238-இல் 8 பங்கு. யுரேனியம் 235-இலோ 42 பங்கு. மூன்றும் வெவ்வேறு வேகத்தில் ஓடுபவை. கனிமத்திலிருந்து காரீயம் கசிந்திருந்தால் அவை ஒன்றோடொன்று முரண்படும். ஒருவரையொருவர் அறியாத மூன்று சாட்சிகள் ஒரே நேரத்தைக் கூறினால், நீதிபதி அதனை எளிதில் தள்ளிவிட மாட்டார்.

இத்துறையின் முதல் முயற்சிகளில் பிழையும் நேர்ந்தது; அப்பிழையும் நம் பக்கத்து நாட்டுக் கல்லைச் சார்ந்ததே. 1907-இல் போல்ட்வுட் என்னும் அமெரிக்க அறிஞர் பல கனிமங்களின் வயதைக் காரீயத்தைக் கொண்டு கணித்து வெளியிட்டார். அவற்றுள் யாவற்றினும் மூத்ததாக அவர் கண்டது இலங்கையில் கிடைத்த தோரியனைட். அதன் வயது 220 கோடி ஆண்டு என்றார். ஆனால் தோரியமும் காரீயமாக மாறும் என்பது அன்று தெரியாது. தோரியத்தில் பிறந்த காரீயத்தையும் யுரேனியத்தின் கணக்கில் எழுதிவிட்டார். இலங்கையில் கிடைக்கும் இத்தகைய கனிமங்கள் 50 கோடி ஆண்டுகளை ஒட்டியவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆர்தர் ஹோம்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இம்முறையைச் செப்பனிட்டு வளர்த்தார். 1955-இல் இந்தியத் தீபகற்பம், இலங்கை ஆகியவற்றின் தொல்பாறைகளைக் காலவரிசைப்படுத்தி அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

போல்ட்வுட்டின் பிழையைச் சொன்ன நான் என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். பாறை ஒன்றைப் பற்றிய குறிப்பு மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது. அதில் 550 மில்லியன் ஆண்டு என்றிருந்ததை, 55 இலட்சம் ஆண்டு என்று எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் நண்பர் கண்டு திருத்தினார். நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டேன்! என் செவிக்கு இரண்டும் ஒரேயளவு பெரிய எண்ணாகவே ஒலித்தன, அதுவே அச்சத்துக்குரியது. ஆனால் நண்பர் அவ்வளவோடு விடவில்லை. ‘எண்ணைத் திருத்திவிட்டீர்கள், வயது என்னும் சொல்லையும் பாருங்கள். எதனுடைய வயது?’ என்றார்.

அவர் கேட்டதன் பொருளைப் பின்வரும் செய்தி விளக்கும். திருவனந்தபுரத்துக்கு வடகிழக்கே பொன்முடி மலைப் பகுதியில், வெளிர்நிறப் பாறையின் நடுவே கருமையான திட்டுகள் காணப்படுகின்றன. பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்தில், ஒரு பாறை மற்றொன்றாக மாறிய இடங்கள் அவை. அம்மாற்றம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. ஆனால் இப்பகுதிப் பாறைகளிலுள்ள சிர்க்கான் மணிகள் சிலவற்றை அறுத்து, நடுப்பகுதியைத் தனியே சோதித்தால் ஏறத்தாழ 200 கோடி ஆண்டு என்று காட்டும். அதே மணியின் புறத்தோல் 55 கோடியைக் காட்டும். இரண்டும் மெய்யே. ஒன்று மணி பிறந்த நாள்; மற்றொன்று அது மீண்டும் உலையில் வெந்த நாள். கடற்கரையில் மணலாக வந்து சேர்ந்த நாளோ மிகவும் அண்மையது; அதனைக் காரீயம் காட்டாது. ஆகவே பாறையின் வயது என்றால், எந்த நிகழ்ச்சியின் வயது என்று கேட்டறிதல் வேண்டும். திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இப்பகுதிப் பாறைகளை ஆராய்ந்து வருகிறது. 1978-இல் மாநில நிறுவனமாகத் தொடங்கிய அது, 2014-இல் மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தோடு இணைந்தது.

இனி, பலரும் கேள்விப்பட்ட கார்பன் முறைக்கு வருவோம். கீழடியில் கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்தபோது, நம்மவர் அனைவரும் மகிழ்ந்தோம். அதைக் காட்டியது கார்பன் 14. உயிருள்ளவரையில் மரமும் விலங்கும் அதனைக் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் பெறுகின்றன. இறந்தபின் வரவு நின்று, உள்ளது சிதையத் தொடங்குகிறது. 1949-இல் இம்முறையைக் கண்ட லிபி என்பவர் 1960-இல் நோபல் பரிசு பெற்றார். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டே. 50,000 ஆண்டு கழிந்தால் அளப்பதற்கு ஏறக்குறைய எதுவும் எஞ்சாது. ஆதலால் சாத்தனூர்க் கல்மரத்துக்குக் கார்பன் சோதனை செய்தார்கள் என்று யாரேனும் கூறினால் நம்பாதீர்கள். நகைக்கடைத் தராசில் மலையை நிறுக்க இயலாது. சென்னைக்கு அருகே அதிராம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. விண்கதிர் பட்டு, பின் மண்ணுக்குள் புதைந்த கல்லில் மெல்லச் சிதையும் பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் அணுவகைகளை அளந்து, 2011-இல் அவற்றுள் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுக்கு உரியவை என்று கண்டனர்.

தொல்லுயிர் எச்சத்தின் வயதைக் காண்பதற்கோ பெரும்பாலும் சுற்றுவழியே உண்டு. படிவுப் பாறையின் மணல் வேறெங்கோ பிறந்தது. அதன் கடிகாரம் அதன் பிறப்பிடத்தைக் கூறுமேயன்றி, படிந்த நாளைக் கூறாது. ஆனால் படுகைக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் விழுந்திருக்குமானால், சாம்பலோடு பிறந்த சிர்க்கானை அளக்கலாம். கீழ்ச்சாம்பலினும் இளையது, மேற்சாம்பலினும் மூத்தது என இடையிலுள்ள உயிரின் காலம் கட்டுப்பட்டுவிடும்.

இம்முறை எவ்வளவு பெரிய வழக்கைத் தீர்க்கும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் சான்று. சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சோர்ஹட் என்னுமிடத்து மணற்கல்லில் புழுக்கள் ஊர்ந்த தடங்களைக் கண்டதாக 1998-இல் அறிஞர் சிலர் எழுதினர். அப்பாறைக்கு 100 கோடி ஆண்டுக்கு மேல் வயதென்றும் கூறினர். அதே ஆண்டில் அப்பகுதிப் பாறைகளில் 54 கோடி ஆண்டளவில் வாழ்ந்த சிற்றோட்டு உயிர்களைக் கண்டதாக வேறொருவர் எழுதினார். இரண்டும் ஒருங்கே மெய்யாக இருத்தல் அரிது. உலகில் விலங்கினம் தோன்றிய காலமே ஐயத்துக்குள்ளாயிற்று. 2002-இல் அங்குள்ள எரிமலைச் சாம்பற்படுகைகளின் சிர்க்கானை இரு குழுவினர் தனித்தனியே அளந்தனர். இரு குழுவினரும் கண்ட விடை ஏறத்தாழ 163 கோடி ஆண்டு. விலங்குகளுக்கு அது மிகமிக முற்பட்ட காலம். தடங்கள் புழுவினுடையவை என்னும் கருத்து வலுவிழந்தது. சிற்றுயிர் எச்சங்கள் மெய்யானவையே எனினும், அவை விலங்குகள் அல்ல, பாசி போன்றவை எனப் பின்வந்த ஆய்வு காட்டிற்று. நம் நாட்டுக்குப் பழமையான விலங்கு என்னும் பெருமை வாய்க்கவில்லை. எனினும் ஓர் உண்மை வாய்த்தது. பழமையில் பெருமை கொள்ளும் நமக்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

பூமியின் வயதையே கேட்பவர்க்கு விடை விண்ணிலிருந்து வந்தது. 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் காரீயத்தை அளந்து, 455 கோடி ஆண்டு எனக் கண்டார். அந்த எண் இன்றளவும் பெரிதும் மாறவில்லை.

நீங்கள் வாழும் ஊர்களிலும் இப்பழமை உண்டு. பெங்களூரில் இருப்பவர்கள் மாலையில் லால்பாக் குன்றின்மீது அமர்கிறீர்கள். அப்பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு மூப்புடையது. மும்பை, புனேயில் இருப்போர் காலடியிலுள்ள கரும்பாறை, 6.6 கோடி ஆண்டுகளை ஒட்டிப் பெருகிய எரிமலைக் குழம்பு. இலக்னோவில் உள்ளோர், 1946-இல் பீர்பால் சாஹனி நிறுவிய தொல்தாவர ஆய்வு நிலையத்தைக் கண்டு வரலாம். கல்கத்தாவில் புனித ஜான் தேவாலயத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அக்கல்லறைக் கல் பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து சென்றது! அதனை ஆராய்ந்த ஹாலந்து என்பவர், அவ்வகைப் பாறைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு மூத்த நம்மூர்க் கல், வங்கத்துக்குக் குடிபோய், அங்கே பெற்ற பெயரால் இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. ஆயினும் அதன் சொந்த ஊர் எது என்பது எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் அதன் கதை நமக்குத் தெரிகிறது.

என் மேசைமேலுள்ள கல்லுக்கு அந்தப் பேறு இல்லை. எந்தப் படுகை என்று இனி எவரும் சொல்ல இயலாது. அப்படுகை இன்றும் இருக்கிறதோ, சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் பள்ளங்களில் ஒன்றாகிவிட்டதோ, அதுவும் தெரியாது. வர்க்கலைச் சரிவும் அலையால் அரிப்புண்டு வருகிறது. விடுமுறையில் ஊருக்குப் போகும் உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். உங்கள் பிள்ளைகள் ஓடையிலோ வயலிலோ விந்தையான கல் ஒன்றைக் கண்டால், அதனை எடுக்க விடாதீர்கள். இருந்த நிலையிலேயே படம் பிடிக்கச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்தத் திசை, எவ்வளவு ஆழம் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். கல்லுக்குள் இருக்கும் கடிகாரத்தைப் படிக்க அறிஞர்களும் கருவிகளும் உண்டு. அது கிடந்த இடத்தைக் காத்துத் தருவது நம்மால் ஆகக்கூடியது.